முப்பது முகமும் ஒரு காலும்

ஒருவருடைய செல்வாக்கை அளக்க அவர் வீட்டையோ வண்டியையோ பார்க்க வேண்டாம். ஃப்ளெக்ஸில் அவர் முகம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். தென்காசியில் நான் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊர் முகங்களைப் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் நரையைக் கறுப்பாக்குவதும்தான் என் பிழைப்பு. காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் என் கம்ப்யூட்டருக்குள் ஒருமுறை நுழைந்துதான் வெளியே வர வேண்டும். செத்தவர் முகம் நடுவில் சிறிதாக இருக்க, துக்கப்படுகிறவர்கள் முகம் சுற்றிலும் பெரிதாக இருக்கும் ஃப்ளெக்ஸ்களையும் அடித்துக் கொடுத்திருக்கிறேன். சிரிப்பை அடக்கிக்கொள்ளப் பழகி வெகுகாலம் ஆகிறது.

சாயங்காலம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கால்பந்து ஆடப் போவேன். இதைச் சொன்னால் இங்கே பாதிப் பேர் உடம்பு குறைக்கவா என்று கேட்பார்கள். மீதிப் பேர் வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்பார்கள். கல்லூரி நாளிலிருந்து நான் ஸ்டாப்பர். அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நின்று, பந்தோடு வருகிறவளை மறிக்கிற வேலை. வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டது, முழங்கால் எப்போது வேண்டுமானாலும் கையை விரித்துவிடும். எங்கள் பெண்கள் அணியில் எல்லாரும் இப்படித்தான், வேலைக்கு நடுவிலும் படிப்புக்கு நடுவிலும் ஓடி வருகிறவர்கள். கோல்கீப்பர் வாசுதேவநல்லூர்க்காரி, ஆயுதப்படைப் போலீஸ். கோல் அடிக்கிறவள் தென்காசியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற பெண். அவளுடைய தகப்பனார் வளைகுடாவில் இருக்கிறார், மகள் ஆடுவதை வீடியோ காலில் மட்டும் பார்த்திருக்கிறார். களத்தில் அவள் ஓடுவதைப் பார்த்தால், இவளா பகல் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றும்.

மைதானம்தான் எங்கள் பிரச்சினை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் ஒரு நல்ல மைதானம் இருக்கிறது. அந்தக் காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான், பிள்ளைகள் விளையாடட்டும் என்று எழுதிக் கொடுத்தது. அதை ஒரு கால்பந்து மன்றம் பார்த்துக்கொள்கிறது. மன்றத்தில் தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், கௌரவ ஆலோசகர்கள் என்று முப்பது நிர்வாகிகள் உண்டு. பந்தைக் காலால் தொட்டவர்கள் அதில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். ஆனி மாதம் சாரல் விழ ஆரம்பித்ததும் மைதானத்தை, அருவியில் குளிக்க வருகிறவர்கள் கார் நிறுத்தக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். ஆவணி முடிய அது மதுரைக் கார்களுக்கும் கோயம்புத்தூர் வேன்களுக்கும் சொந்தம். கார்த்திகையில் ஐயப்பன் சீசன் தொடங்கினால் மறுபடி ஒரு கூட்டம் வரும். ஆனால் அந்த மாதங்களில் மட்டும் மைதானத்தை எங்களுக்கு விட்டுவைத்திருந்தார்கள். பெருந்தன்மை.

எங்களுடைய போட்டிகள் எல்லாம் ஆடி, ஆவணியில்தான் வரும். அதனால் நாங்கள் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்முற்றத்தில் பயிற்சி எடுத்தோம். முகூர்த்த நாளில் அதுவும் கிடையாது. பந்து சுவரைத் தாண்டினால் சமையல்கட்டில் விழும். போன வருடம் திருநெல்வேலியில் ஆடப் போனபோது முழு மைதானத்தைப் பார்த்ததும் எங்களுக்கு மலைப்பாகிவிட்டது. முற்றத்தில் பழகிய கால் முற்றத்து அளவுதான் ஓடும். இடைவேளைக்கே மூச்சு வாங்கியது, இரண்டாம் பாதியில் வாங்கின கோல்களை நான் எண்ணவில்லை. திரும்பி வந்தபோது மன்றத்தார் ஒருவர், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றார். எங்கள் கூடம் கோணல் இல்லை அண்ணாச்சி, அதில் கார் நிற்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் பேத்திக்குப் பூப்புனித நீராட்டு ஃப்ளெக்ஸ் என் கடையில்தான் கொடுத்திருந்தார்.

அந்தத் தோல்விக்குப் பிறகு இரண்டு பேர் அணியை விட்டுப் போய்விட்டார்கள். இன்னொருத்தியும் போனால் பதினொன்று தேறாது. இந்த வருடமும் மைதானம் கிடைக்காவிட்டால் அணி கலைந்துவிடும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இந்த வயதில் இன்னொரு அணி சேர்த்து ஆட எனக்கு நேரம் இல்லை. கலைந்தால் என் ஆட்டம் அத்தோடு முடிந்தது. எனக்கு அதில் பயம் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சீசன் நடுவில் அந்தச் செய்தி வந்தது. நம் நாட்டுப் பெண்கள் தாய்லாந்துக்குப் போய், தாய்லாந்து மண்ணிலேயே அவர்களை இரண்டுக்கு ஒன்று என்று தோற்கடித்து, மகளிர் ஆசியக் கோப்பையில் ஆடத் தகுதி பெற்றுவிட்டார்கள். இரண்டு கோலும் ஒருத்தியே அடித்தது. கடையில் ஒரு திருமண ஃப்ளெக்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டு நான் அதைப் போனில் பார்த்தேன். கடைசி விசில் ஊதியதும் அழுதுவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் என்னம்மா என்று கேட்டார்கள். கண்ணில் தூசி என்று சொல்லவில்லை, ஜெயித்துவிட்டோம் என்றேன். கிரிக்கெட்டா என்றார்கள்.

மறுநாள் மன்றத் தலைவர் கடைக்கு வந்தார். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறவர். கல்யாண வீடானால் மாப்பிள்ளையாகவும் சாவு வீடானால் பிணமாகவும் இருந்தே தீர வேண்டும் என்கிற ரகம். வாட்ஸ்அப்பில் செய்தியைப் பார்த்திருக்கிறார். வெற்றி பெற்ற வீராங்கனைகளுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கப் போகிறோம், வருகிற ஞாயிறு சாயங்காலம், நம் மைதானத்திலேயே, பெரிய ஃப்ளெக்ஸாக ஒன்று வேண்டும் என்றார். வீராங்கனைகள் யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். அவர்கள் எதற்கு, பாராட்டுகிறவர்கள் வந்தால் போதாதா என்கிற மாதிரி பார்த்தார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்.

படங்களை அவரே கொண்டுவந்திருந்தார். தலைவர் முகம் சுளகு அளவுக்கு வலது பக்கம். துணைத் தலைவர்கள் சாப்பாட்டுத் தட்டு அளவு. செயலாளரும் பொருளாளரும் அதைவிடக் கொஞ்சம் சிறிது. மற்றவர்கள் அடியில் வரிசையாக, ரேஷன் கார்டு அளவில். எல்லாம் போட்டு முடித்ததும் நடுவில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. ஜெயித்த அணியின் படம் ஒன்று போட்டுவிடலாமா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது.

"வயசுப் பிள்ளைய படத்த நாலு ரோட்டுல வைக்கக் கூடாதுல்லா தாயி. ஒரு பந்து போடு. கூட ஒரு கால் போடு. கால்பந்துன்னா கால் போதும்லா."

போட்டேன். என் கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே ஒரு கால்தான். சாக்ஸ் போட்ட, தசை திரண்ட, முடி மண்டிய ஆண் கால். அவர் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். ஆக, ஆசியாவின் கதவைத் தட்டித் திறந்த பெண்களைப் பாராட்டும் ஃப்ளெக்ஸில் முப்பது ஆண் முகமும் ஓர் ஆண் காலும் அச்சாயின.

மேடையில் எங்கள் அணி ஜெர்சியோடு வந்து உட்கார வேண்டும் என்றார். அவர்களுக்குப் பதில் நீங்கள் இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்றார். கோப்பையின் வரலாற்றைப் பற்றி நான் மூன்று நிமிடம் பேச வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். நான் சமயம் பார்த்து மைதானத்தைக் கேட்டேன். சீசனிலும் வாரத்தில் மூன்று சாயங்காலமாவது எங்களுக்கு வேண்டும் என்றேன். அவர் என் தலையில் கை வைக்காத குறையாக, மேடையிலேயே அறிவிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அணியில் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேன். பில் போடுகிற பெண் நம்பவில்லை. மேடையில் நூறு பேருக்கு முன்னால் சொன்னதை மாற்ற முடியாது என்று நான்தான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, மைதானத்தைக் குத்தகை எடுத்திருந்தவர் கடைக்கு வந்தார். நல்ல மனிதர், பேச்சு மட்டும் கொஞ்சம் சத்தமாக இருக்கும். கார்த்திகை தொடங்கித் தை வரைக்கும் 'ஐயப்ப பக்தர்கள் வாகன நிறுத்தம்' என்று ஒரு ஃப்ளெக்ஸ் வேண்டும் என்றார். எந்த இடம் போட என்று கேட்டேன். அதே மைதானம்தான், தலைவர் நேற்றுத்தான் அதையும் பேசி முடித்தார் என்றார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை, மௌஸை மேஜையில் அடித்துவிட்டேன். வாரத்தில் மூன்று நாள் தருகிறேன் என்ற வாய், எங்களுக்கு மிச்சம் இருந்த மாதங்களையும் சேர்த்து விற்றிருக்கிறது. குத்தகைக்காரர்மேல் என்ன தப்பு? எழுத்து பெரிதாக இருக்கட்டும், தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்றார். பெரிதாகவே போட்டுக் கொடுத்தேன்.

விழாவுக்குப் போகவே கூடாது என்று முதலில் நினைத்தேன். பிறகு மூன்று நிமிடம் மைக் கிடைக்கிறதே, அதை எதற்கு விட வேண்டும் என்று தோன்றியது. உட்கார்ந்து அந்தக் கோப்பையின் கதையைப் படித்தேன். படிக்கப் படிக்க, இது எங்கள் மன்றத்தின் கதைதான், கொஞ்சம் பெரிய அளவில் என்று தெரிந்தது. ஆரம்பத்தில் ஆசியக் கால்பந்தை நடத்திய பெரிய சங்கத்துக்குப் பெண்கள் கண்ணிலேயே படவில்லை. அதனால் பெண்களுக்கென்று தனிச் சங்கம் வைத்து, விரல் விட்டு எண்ணக்கூடிய நாடுகளைச் சேர்த்து அந்தப் போட்டியை நடத்தியிருக்கிறார்கள். அதில் ஒன்று எங்கே நடந்தது தெரியுமா? கோழிக்கோட்டில். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி, கேரளாவுக்குள் ஒரு நாள் ரயில் பயணம். நம் நாடு அதற்கு ஓர் அணி போதாது என்று, தெற்கு ஒன்று, வடக்கு ஒன்று என இரண்டு அணிகளை இறக்கியது. தெற்கணி இறுதிப் போட்டி வரைக்கும் போய்த் தோற்றது. அதற்குப் பிறகும் ஒருமுறை நம் பெண்கள் இரண்டாம் இடம். அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரையாவது நம் ஊரில் கேட்டுப் பாருங்கள்.

பெரிய சங்கம் பிறகு அந்தப் போட்டியைத் தானே எடுத்துக்கொண்டது. எடுக்கிற அளவுக்கு வளர்ந்த பிறகு எடுப்பதுதானே பெரியவர்கள் வழக்கம். சீனாவும் ஜப்பானும் கொரியாவும் தங்கள் பெண்களுக்கு மைதானம் கொடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், உலகத்தையே ஜெயிக்கிற அளவுக்குப் போனார்கள். நாம் கூட்டத்தில் மெல்லப் பின்வாங்கி, கடைசியில் வாசலுக்கு வெளியே வந்து நின்றோம். கொரோனா சமயத்தில் போட்டியை நம் நாட்டிலேயே நடத்தும் வாய்ப்பு வந்தது. நடத்தினார்கள். நம் பெண்களுக்குள் நோய் பரவி, ஆட ஆள் போதவில்லை என்று நம் அணியையே போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரி படுத்துக் கிடக்க, வந்தவர்கள் விருந்து சாப்பிட்டுக் கை கழுவிப் போனார்கள். அப்படி அழுதுகொண்டு போன அணிதான் இப்போது தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து உள்ளே போகிறது. தகுதிச் சுற்றில் ஜெயித்துப் போவது இதுவே முதல்முறை என்றார்கள். இதையெல்லாம் மூன்று நிமிடத்துக்குள் அடக்குவது எப்படி என்று கடையில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். தம்பி இரண்டு முறை வந்து, யாரோடு சண்டை போடுகிறாய் என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின நாளிலிருந்தே மலையில் பேய்மழை. பேரருவியில் வெள்ளம் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தது, ஐந்தருவியும் பழைய குற்றால அருவியும் அப்படியே. குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். தடை போட்டால் சாலையில் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். திரும்பிப் போக யாருக்கும் மனசு வராது. எப்படியும் திறப்பார்கள் என்று கிடைத்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்துக் கிடப்பார்கள். மத்தியானத்துக்குள் எங்கள் மைதானம் நிரம்பிவிட்டது. கோல் கம்பத்துக்கு நடுவில்கூட ஒரு வேன் நின்றது. அதன் மேல் ஈர வேட்டி காய்ந்தது, சாரலில் எங்கே காயும்.

மைதானத்தின் ஓரத்தில்தான் மேடை. போட்டிருந்த நாற்காலிகளில் எங்கள் நாலைந்து பேருடைய வீட்டாரைத் தவிர ஈ காக்கை வராது என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் ஒரு நாற்காலி காலியில்லை. உச்சியில் எண்ணெய் வடிய ஆண்கள், துண்டைத் தோளில் போட்டபடி சிப்ஸ் தின்னும் பெண்கள், ரம்புட்டான் தோலை உரித்து எறிகிற பிள்ளைகள். தலைவருக்குப் பெருமை பிடிபடவில்லை. கூட்டத்தைக் காட்டி என்னிடம் சொன்னார்.

"பாத்தியா தாயி? கால்பந்துன்னா நம்ம சனத்துக்கு எவ்வளவு ஈடுபாடுன்னு."

அவர் குற்றாலத்தில் பிறந்து வளர்ந்தவர். அருவி மூடினால் கூட்டம் எங்கே ஒதுங்கும் என்பது அவர் லாட்ஜில் அறை கூட்டுகிற ஆளுக்குக்கூடத் தெரியும். ஆனால் மேடையும் மாலையும் கண்ணுக்கு முன்னால் இருந்தால் தெரிந்ததும் தெரியாமல் போய்விடும். கூடுதலாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டி வேறு வரவழைத்தார்.

நாங்கள் ஜெர்சியோடு மேடையில் பின்வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் அந்த ஃப்ளெக்ஸ், நிறைய முகங்களோடும் ஒரு காலோடும். கோல்கீப்பர் மட்டும் இல்லை. அவளுக்குப் பேரருவியில் பந்தோபஸ்து. கயிறு கட்டி, அதற்கு இந்தப் பக்கம் நின்று, யாரும் தண்ணீருக்குப் போகாமல் பார்ப்பது. பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சி முதலில். செயலாளர் தலைவருக்குப் போர்த்தினார், தலைவர் துணைத் தலைவர்களுக்குப் போர்த்தினார், துணைத் தலைவர்கள் ஆலோசகர்களுக்குப் போர்த்தினார்கள். பொன்னாடை தீர்ந்துவிட்டது. எங்களைக் கைதட்டி வாழ்த்தச் சொன்னார்கள். சிப்ஸ் இருந்த கைகள் தட்ட முடியாமல் தவித்தன.

பிறகு தலைவர் பேசினார். பெண் என்பவள் தாய், பெண் என்பவள் சக்தி, நதிகளுக்கெல்லாம் பெண் பெயர் என்று அரைமணி நேரம். எந்த நாட்டோடு ஆடி ஜெயித்தார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டு, மலேசியாவை வென்றதாகச் சொன்னார். முடிவில் குரலை உயர்த்தி, இந்த மைதானம் இனிமேல் பெண்பிள்ளைகளுக்கே சொந்தம், இது என் வாக்கு என்றார். பில் போடுகிற பெண் சட்டென்று என் கையைப் பிடித்தாள். ஐயப்பன் சீசன் ஃப்ளெக்ஸ் அடித்து, சுருட்டி, என் கடை மூலையில் நிற்பது அவளுக்குத் தெரியாது. அந்த நேரம் எனக்கு வந்த அருவருப்பை எப்படிச் சொல்ல. பொய் சொன்னதற்குக்கூட அல்ல, அந்தப் பெண் அதை நம்பிவிட்டதற்கு.

என்னை அழைத்தார்கள். மைக்கைப் பிடித்து, பெரிய சங்கம் சேர்க்காததால் பெண்கள் தாங்களே நடத்திய போட்டி என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். கோழிக்கோடு என்றபோது, எங்கிருந்தோ ஒருவர் நாங்கள் கோழிக்கோடுதான் என்று மலையாளத்தில் குரல் கொடுத்தார். இந்தியா இரண்டு அணி இறக்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கையிலிருந்த போன் அதிர்ந்தது. கோல்கீப்பர். பந்தோபஸ்தில் இருக்கும்போது அவள் சும்மா கூப்பிட மாட்டாள். மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு போனைக் காதில் வைத்தேன்.

"அக்கா, தண்ணி கொறஞ்சிட்டு. கயித்த அவுக்கச் சொல்லிட்டாங்க. இந்தா அவுக்குதேன். அங்கன வண்டிக்காரங்க யாருக்கும் இன்னும் தெரியாது."

போனை வைத்தேன். எதிரே பார்த்தேன். மைதானம் முழுக்கக் கார். அதற்கு நடுவில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்த கோல் கம்பம். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. இந்த மைதானத்தை யாரும் எங்களுக்குத் தரப் போவதில்லை. ஆனால் இதைக் காலி செய்யும் மந்திரம் இப்போது இந்த ஊரிலேயே என் ஒருத்தி வாயில்தான் இருக்கிறது. தலைவர் மணிக்கட்டைத் தட்டி, நேரம் ஆகிறது என்று சைகை காட்டினார். நான் கோழிக்கோட்டை அந்தரத்தில் விட்டேன்.

"ஒரு முக்கிய அறிவிப்பு. பேரருவியில் குளிக்கத் தடை நீங்கியது."

அதற்குப் பிறகு நான் என்ன பேசியிருந்தாலும் கேட்டிருக்காது. நாற்காலிகள் சாய்கிற சத்தம், பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தம், ஒரே நேரத்தில் அத்தனை கார்களும் உறுமுகிற சத்தம். முன்வரிசைக் கொட்டாவிக்காரர்தான் முதலில் ஓடினார். துணைத் தலைவர்கள் பொன்னாடையைக் கழற்றித் துண்டாகக் கட்டிக்கொண்டார்கள். தலைவர் கொஞ்ச நேரம் மேடையில் நின்று பார்த்தார். சீசன் கூட்டம் அருவிக்கு அலைவதைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறவர் அவர். லாட்ஜில் ஆள் வந்திருப்பார்கள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கார் கதவைத் திறந்தபோது பின்சீட்டில் சோப்புப் பெட்டியும் துண்டும் மடித்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். அவர் கொடுத்த வாக்கு மைதானத்தைத் தாண்டுவதற்குள் அவரே தாண்டிவிட்டார்.

மைதானம் காலியானது. சீசனில் அதை அப்படி நான் பார்த்ததே இல்லை. புல்லில் சக்கரத் தடம், சிப்ஸ் பாக்கெட், அங்கங்கே எண்ணெய். இருந்தாலும் மைதானம். பிறகு பில் போடுகிற பெண் மேடையிலிருந்து குதித்தாள், பந்தைத் தூக்கிப் போட்டு உதைத்தாள். அது போய்க்கொண்டே இருந்தது. சமையல்கட்டில் விழவில்லை. அவள் அதன் பின்னால் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நாங்களும் இறங்கி ஓடினோம்.

ஆடத் தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, வாசலில் ஹார்ன் சத்தம். தென்காசிப் பக்கமிருந்து வருகிற புதுக் கூட்டம். தடை நீங்கிய செய்தி போனில் பரவிவிட்டதால் அருவிக்குப் பக்கத்தில் நிறுத்த இடமில்லை, அதனால் இங்கே. குத்தகைக்காரர் வாசலிலிருந்து, வண்டி வருது, ஓரமாக ஆடுங்கள் என்று கத்தினார். கார் மூக்கை உள்ளே நுழைத்தது. சண்டை போடுவோம் என்று நான் வேகமாக நடந்தேன். சண்டையில் தோற்போம் என்றும் தெரியும்.

அதற்குள் கோல்கீப்பர் டூட்டி முடிந்து வந்துவிட்டாள். காக்கிச் சட்டை, ஈரத் தொப்பி, கையில் ஷூ. நிலைமையைப் பார்த்தாள். மேடைக்குப் போய் அந்த ஃப்ளெக்ஸின் கட்டுகளை அவிழ்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. நானும் போய் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேருமாக அதை வாசலுக்குக் கொண்டுபோய், வாசல் கம்பத்துக்கும் எதிரே நின்ற வேப்பமரத்துக்கும் குறுக்கே இழுத்துக் கட்டினோம். ஃப்ளெக்ஸின் முதுகுப் பக்கம் வெள்ளையாக இருக்கும். அந்த வெள்ளை சாலையைப் பார்க்கக் கட்டினோம். பையில் எப்போதும் தடித்த மார்க்கர் வைத்திருப்பேன். தூரத்திலிருந்து தெரியட்டும் என்று பெரிதாக ஒரே ஒரு சொல் எழுதினேன். தடை.

கோல்கீப்பர் அதற்கு முன்னால் நின்று உள்ளங்கையைக் காட்டினாள். காரில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். குறுக்கே கட்டியிருக்கிறது, தடை என்று எழுதியிருக்கிறது, காக்கி நிற்கிறது. எதற்குத் தடை, இது அருவியா என்று அவர் கேட்கவில்லை. பின்னால் வந்தவரும் கேட்கவில்லை. குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் கயிற்றைக் கண்டால் காலும் வண்டியும் தானாக நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், காலையிலிருந்து அதையே சொல்லிச் சொல்லிப் பழகியிருந்த குத்தகைக்காரரே, அடுத்து வந்த வேனைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"தட போட்டிருக்கு அண்ணாச்சி. ஐந்தருவிப் பக்கம் போங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் மைதானத்தில் மறுபடி கார்தான். அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. தலைவர் போன் செய்து ஃப்ளெக்ஸை அழுக்காக்கியதற்காகச் சத்தம் போட்டார், வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டதும் சிக்னல் சரியில்லை என்றார். அந்த சீசன் முழுக்க எங்கள் பயிற்சி நேரத்தை மலைதான் முடிவு செய்தது. வெள்ளம் வந்து மூடி, தணிந்து திறந்ததும் கோல்கீப்பர் போன் செய்வாள், கார்கள் ஓடும், நாங்கள் வருவோம். திருநெல்வேலியில் இந்த முறையும் தோற்றோம், ஒரு கோலில். ஆனால் கடைசி விசில் வரைக்கும் ஓடினோம். யாரும் அணியை விட்டுப் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது, எரிச்சலும் வருகிறது. கோல்கீப்பர் காக்கிச் சட்டைமேலேயே கையுறையை மாட்டிக்கொண்டு கம்பத்துக்கு நடுவில் போய் நின்றாள். நான் அவளுக்கு முன்னால் என் இடத்தில் நின்றேன். இருட்டும்வரை சாரலில் முழு மைதானத்திலும் ஆடினோம். ஒரு பந்தை மறித்துவிட்டு மூச்சு வாங்க நிமிர்ந்தபோது வாசல் கண்ணில் பட்டது. வெள்ளைப் பக்கம் சாலையைப் பார்த்திருந்ததால், அச்சடித்த பக்கம் எங்களைப் பார்த்திருந்தது. தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், ஆலோசகர்கள் எல்லாரும் மழையில் நனைந்தபடி வரிசையாக நின்றார்கள். எனக்குத் தெரிந்து, எங்கள் மன்றத்தின் நிர்வாகிகள் பெண்கள் ஆடும் ஓர் ஆட்டத்தை முதலிலிருந்து முடிவுவரை இருந்து பார்த்தது அன்று ஒரு நாள்தான்.